சைலோவுக்குள் எத்தனை டன்? குமரி மாவட்டத்தில் சைலோ எடைக் கருவி வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு

மாலை 5 மணிக்கு ஒரு தளம் போடப் போகிறார்கள். 60 கன மீட்டர் கான்கிரீட். கன மீட்டருக்கு 350 கிலோ என்றால் 21 டன் சிமெண்ட் வேண்டும். சிமெண்ட் சேர்த்து வைக்கிற உயரமான இரும்புக் கலன்தான் சைலோ; அதன் எடைகாட்டியான இண்டிகேட்டர் 24 டன் காட்டுகிறது, தைரியமாகத் தொடங்கிவிடுகிறார்கள். உள்ளே உண்மையில் கிடப்பது 19 டன். 54 கன மீட்டர் போனதும் சைலோ காலி. மிச்சத் தளத்தை மறுநாள் போட்டால் நடுவில் கோல்ட் ஜாயிண்ட் (பழைய கான்கிரீட்டும் புதியதும் சரியாக ஒட்டாத கோடு) விழும், மழைக்காலத்தில் அந்தக் கோடு வழியாகத்தான் தண்ணீர் இறங்கும். தவறு மறுபக்கம் நடந்தாலும் கெடுதல்தான். இடம் இருக்கிறது என்று நம்பி 30 டன் பல்க்கரை (சிமெண்டைத் தூளாகவே கொண்டுவரும் டாங்கர் லாரி) வரவழைத்து ஏற்றினால், சைலோ நிரம்பி, மேலே இருக்கிற ஃபில்டர் வழியாகச் சிமெண்ட் புகைபோலக் கிளம்பி அக்கம்பக்கத்து வாழைத் தோட்டம் முழுக்க வெள்ளையாகும்.

நம் மாவட்டத்தில் ரெடிமிக்ஸ் பிளாண்டுகளுக்குக் கோணம் ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் முடித்த பிள்ளைகள் வேலைக்கு வருகிறார்கள். வயரிங் தெரியும், மோட்டார் தெரியும். சைலோவுக்கு அடியில் இருந்து எடையை மின் சமிக்ஞையாக்குகிற லோடு செல்லைப் பற்றி யாரும் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுப்பதில்லை. எனக்கும் சொல்லித் தரவில்லை. அவர்களுக்காகத்தான் இது.

முதலில் ஒரே ஒரு விஷயத்தை மனதில் பதித்துக்கொள்ளுங்கள். சைலோவின் எடை தரைக்கு இறங்க ஒரே பாதைதான் இருக்க வேண்டும்: கால், லோடு செல், அடித்தளம். வேறு எது வழியாக எடை தரைக்குப் போனாலும், அந்த அளவு இண்டிகேட்டரில் குறையும். கீழே சொல்கிற எல்லாவற்றுக்கும் அடிப்படை இதுதான்.

எந்த முறை, எதற்கு

சுத்தியலால் தகட்டைத் தட்டிப் பார்ப்பது பழைய முறை. காலியான இடம் கிண்ணென்று ஒலிக்கும், சரக்கு இருக்கிற இடம் மொத்தென்று ஒலிக்கும். அவசரத்துக்கு உதவும். ஆனால் உள்ளே ஓரத்தில் சிமெண்ட் ஒட்டிக்கொண்டு நடுவில் கிணறு மாதிரி குழி விழுந்திருந்தால் தட்டுகிற இடமெல்லாம் மொத்தென்றே கேட்கும், ஏமாந்துபோவோம்.

மேலிருந்து குண்டு கட்டிய நாடாவை இறக்கி ஆழம் பார்ப்பது, ரேடார் கருவி வைத்து மட்டம் பார்ப்பது இரண்டும் அடுத்த வகை. இவை காட்டுவது உயரம், எடையல்ல. 3 மீட்டர் விட்டமுள்ள சைலோவில் ஒரு மீட்டர் உயரத்துக்கு ஏறத்தாழ 7 கன மீட்டர் பிடிக்கும். சரக்கின் மேற்பரப்பு தட்டையாக இருக்காது, குவியலாகவோ குழியாகவோ இருக்கும். அதில் 30 செ.மீ. தவறினாலே இரண்டரை டன் தவறு. அதைவிடப் பெரிய சிக்கல் அடர்த்தி. பல்க்கரிலிருந்து காற்றோடு சேர்ந்து வந்து விழுந்த சிமெண்ட் பஞ்சு மாதிரி இருக்கும், கன மீட்டருக்கு 1,000 முதல் 1,100 கிலோதான் தேறும். இரண்டு நாள் கிடந்து அமர்ந்த பிறகு அதே சிமெண்ட் 1,400 கிலோவைத் தொடும். உயரம் இறங்கியிருக்கும், ஒரு கிலோகூட வெளியே போயிருக்காது.

நாஞ்சில் நாட்டில் நெல் அளந்தவர்களுக்கு இது புதிதல்ல. 21 மரக்கால் ஒரு கோட்டை என்பது கொள்ளளவுக் கணக்கு. கன்னிப்பூ அறுவடையில் மழை நனைந்த நெல்லும் கும்பப்பூவில் நன்றாகக் காய்ந்த நெல்லும் பத்தாயத்தில் ஒரே கோட்டையாக அளந்தாலும் தராசில் வைத்தால் ஒன்றாக இராது. மரக்கால் பொய் சொல்லவில்லை, அது வேறொன்றை அளக்கிறது. ரேடாரும் அப்படித்தான். நிரம்பி வழியாமல் பார்த்துக்கொள்ள ரேடார் நல்ல துணை. இருப்புக் கணக்குக்கு அதை நம்பாதீர்கள்.

அடியில் அழுத்தம் பார்த்து எடை சொல்லலாமே என்று கெட்டிக்காரப் பிள்ளைகள் கேட்பார்கள். தண்ணீர்த் தொட்டிக்கு அது சரி. தூள், மணல், தானியம் இவற்றுக்குச் சரிவராது. சரக்கு சுவரோடு உரசி நிற்பதால் எடையில் பெரும்பங்கைச் சுவரே தாங்கிவிடும். 1895இல் யான்சென் என்ற ஜெர்மானியப் பொறியாளர் இதைக் கணக்காக்கிக் காட்டினார். ஓர் ஆழத்துக்குப் பிறகு மேலே எவ்வளவு கொட்டினாலும் அடி அழுத்தம் அதிகம் ஏறுவதில்லை.

சைலோவின் காலிலேயே திரிபு உணரியை (இரும்பு நீள்வதையும் சுருங்குவதையும் அளக்கும் கருவி) போல்ட் போட்டுப் பொருத்துகிற முறையும் உண்டு. ஏற்கெனவே நிற்கிற, ஜாக்கி வைத்துத் தூக்க முடியாத சைலோவுக்கு அது வசதி. ஆனால் காலை வெயில் காலின் ஒரு பக்கம் மட்டும் அடித்தால் இரும்பு அந்தப் பக்கம் நீளும், கால் லேசாக வளையும், எடை மாறாமலே எண் மாறும். அதனால் ஒரு காலுக்கு ஒன்று போதாது, எதிரெதிர்ப் பக்கங்களில் இரண்டாகப் பொருத்த வேண்டும். அப்படியும் சில சதவீதத் தவறு இருக்கும். புதிதாகச் சைலோ நிறுத்துகிறவர்கள் ஒவ்வொரு காலுக்கு அடியிலும் லோடு செல் வைத்துவிடுவதே நல்லது. ஒழுங்காக நிறுவினால் அரை சதவீதத்துக்குள் நிற்கும்.

லோடு செல் தேர்வு

உதாரணத்துக்கு 100 டன் சைலோ, நான்கு கால், காலிச் சைலோவின் எடை 10 டன் என்று வைத்துக்கொள்வோம். நிரம்பினால் 110 டன், காலுக்கு 27.5 டன். அதற்காக 30 டன் லோடு செல் வாங்கிவிடக் கூடாது. நான்கு காலும் ஒருபோதும் சமமாகத் தாங்காது, காற்று ஒரு பக்கம் அழுத்தும், ஒரு கால் கொஞ்சம் உயரமாக இருந்தால் பாரம் அங்கே கூடுதலாகப் போகும். 50 டன் செல் எடுங்கள்.

லோடு செல்லுக்குள் இருப்பது ஓர் இரும்புத் துண்டும் அதன்மேல் ஒட்டிய நான்கு மெல்லிய மின்தடைப் பட்டைகளும். பாரம் ஏறும்போது இரும்பு கண்ணுக்குத் தெரியாத அளவு சுருங்கும், தடை மாறும், அந்த நான்கும் சேர்ந்த வீட்ஸ்டன் பாலம் சமநிலை இழந்து சிறு மின்னழுத்தம் வரும். வோல்ட்டுக்கு 2 மில்லிவோல்ட் என்று குறித்திருந்தால், 10 வோல்ட் கொடுக்கும்போது 50 டன்னுக்கு 20 மில்லிவோல்ட் வரும். நம் சைலோ காலியாக இருக்கையில் ஒவ்வொரு செல்லும் 1 மில்லிவோல்ட், நிரம்பினால் 11 மில்லிவோல்ட். இந்த இரண்டு எண்களையும் பேனல் கதவின் உள்பக்கம் எழுதி ஒட்டுங்கள். உங்கள் இண்டிகேட்டர் 5 வோல்ட் கொடுக்கிற வகையென்றால் பாதியாக எழுதுங்கள். பின்னால் பழுது பார்க்கும்போது ஐந்து நிமிடத்தில் நோய் தெரிந்துவிடும்.

ஒரு டன்னுக்கு 0.1 மில்லிவோல்ட்தான் கிடைக்கிறது என்பதையும் கவனியுங்கள். 5 கிலோ படியில் (ஐந்தைந்து கிலோவாக) காட்ட வேண்டும் என்று முதலாளி கேட்டால் பணிவாக மறுத்துவிடுங்கள். எண் ஓயாமல் துள்ளும். 20 அல்லது 50 கிலோ படி போதும்.

நிறுவும்போது

அடித்தளத் தகடுகள் நான்கும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். மூன்று கால் முக்காலி எந்தத் தரையிலும் ஆடாமல் நிற்கும், நான்கு கால் நாற்காலி ஆடும். சைலோவும் அப்படித்தான். இறக்கி வைத்த பிறகு ஒவ்வொரு செல்லின் மில்லிவோல்ட்டையும் தனித்தனியே பாருங்கள். ஒன்று மட்டும் ரொம்பக் குறைவாக இருந்தால் அந்தக் காலுக்கு அடியில் மெல்லிய தகடு கொடுத்து நான்கையும் கூடிய மட்டும் சமமாக்குங்கள்.

ஒவ்வொரு செல்லுக்கும் பக்கத்தில் தூக்கல் தடுக்கும் போல்ட் இருக்கும். காலிச் சைலோ காற்றில் சாயாமல் பிடித்துக்கொள்வது அதுதான். அதில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் இடைவெளி கட்டாயம் விடுங்கள். முறுக்கி இறுக்கிவிட்டால் போல்ட்டின் இழுவிசையும் எடையாகக் காட்டும். ஆட்கள் அக்கறையோடுதான் இறுக்குவார்கள், திட்டாமல் விளக்கிச் சொல்லுங்கள்.

இனி, சைலோவைத் தொடுகிற ஒவ்வொன்றையும் நடந்து பாருங்கள். ஏணியின் அடி தரையில் ஊன்றியிருக்கிறதா? தரையிலிருந்து ஒரு விரற்கடை மேலே நிற்க வேண்டும். அடியில் சிமெண்டை வெளியே எடுக்கிற ஸ்குரூ கன்வேயர் நேராகப் போல்ட் போட்டிருக்கிறதா? நடுவில் கேன்வாஸோ ரப்பரோ கொண்ட மடிப்பு இணைப்பு வேண்டும், அதுவும் தொளதொளவென்று இருக்க வேண்டும், விறைத்து நிற்கக் கூடாது. சிமெண்ட் ஏற்றும் குழாய் சைலோவோடு மட்டும் கட்டப்பட்டிருக்கிறதா, அல்லது கீழே ஒரு கம்பத்தோடும் சேர்த்து வெல்டிங் ஆகியிருக்கிறதா? காற்றுக் குழாய், மின்கேபிள் குழாய் எல்லாம் வளைந்து தொங்க வேண்டும்.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. வேலைக்கு வந்த முதல் வருடம், ஆரல்வாய்மொழிப் பக்கத்தில் ஒரு பிளாண்ட். சைலோ நிரம்ப நிரம்ப எடை குறைத்துக் காட்டியது, 80 டன்னில் மூன்று டன் குறைவு. இரண்டு நாள் லோடு செல்லைக் கழற்றி மாட்டி, இண்டிகேட்டரை மாற்றி, செல்களின் வயர்கள் வந்து சேரும் ஜங்ஷன் பாக்ஸைப் பிரித்து என்னென்னவோ செய்தேன். மூன்றாம் நாள் அங்கே வேலை பார்த்த வயதான வெல்டர் ஒருவர் தேநீர் டம்ளரோடு நின்று கேட்டார்: "மக்கா, ரெண்டு நாளா கீழேயே கெடக்கியே, ஒரு மட்டம் மேல ஏறிப் பாத்தியாலே?" ஏறிப் பார்த்தேன். பக்கத்துச் சைலோவுக்கு நடந்து போக வசதியாக இரண்டுக்கும் நடுவே ஒரு நடைப்பலகை, இரண்டு முனையிலும் வெல்டிங். சைலோ பாரத்தில் சில மில்லிமீட்டர் அமரும்போது அந்தப் பலகை வழியாகப் பக்கத்துச் சைலோ பாரத்தை வாங்கிக்கொண்டது. ஒரு முனையை அறுத்து வழுக்கும்படி வைத்ததும் மூன்று டன் திரும்பி வந்தது. அன்றிலிருந்து எந்தச் சைலோவுக்குப் போனாலும், கருவியைத் திறக்கும் முன் உச்சி வரை ஏறி இறங்கிவிடுகிறேன். பெல்ட் போட்டுத்தான் ஏற வேண்டும். சைலோவுக்கு உள்ளே இறங்கவே கூடாது. ஓரத்தில் ஒட்டிய சிமெண்ட் சரிந்தால் ஆளை மூடிவிடும்.

வயரிங்கைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, உங்களுக்குத் தெரியும். மூன்று எச்சரிக்கை மட்டும். நான்கு வயர் செல்லின் கேபிளை நறுக்கிக் குட்டையாக்காதீர்கள், அந்த நீளத்தோடு சேர்த்துத்தான் தொழிற்சாலையில் அளந்திருக்கிறார்கள். மோட்டார் கேபிளோடு ஒரே தட்டில் ஓட்டாதீர்கள். சைலோவில் வெல்டிங் செய்யும்போது எர்த் கிளிப்பை வெல்டிங் நடக்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே மாட்டுங்கள். தரையில் மாட்டினால் மின்னோட்டம் முழுக்க லோடு செல் வழியாக இறங்கி அதைக் கருக்கிவிடும். ஒவ்வொரு செல்லையும் தாண்டிச் செல்கிற பின்னல் செம்புப் பட்டை ஒன்று கட்டாயம் வேண்டும், இடிமின்னலுக்கும் அதுதான் காவல்.

எடைக்கல் இல்லாமல் எப்படிச் சரிபார்ப்பது

100 டன்னுக்கு எடைக்கல் யாரிடமும் கிடையாது. பல்க்கரைத்தான் எடைக்கல்லாக்க வேண்டும். இந்த வேலைக்கு நல்ல எடைமேடை ஒன்றைப் பிடியுங்கள், அதன் முத்திரை நடப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். தமிழ்நாட்டில் தொழிலாளர் துறையின் சட்டமுறை எடையளவுப் பிரிவுதான் முத்திரை வைக்கிறது.

பல்க்கர் வரும்போது நிறைவண்டி எடை, போகும்போது காலிவண்டி எடை, இரண்டும் ஒரே மேடையில் எடுக்க வேண்டும். இடையில் டீசல் போடக் கூடாது. ஓட்டுநர் முதல் எடையில் வண்டியில் இருந்தால் இரண்டாவதிலும் இருக்க வேண்டும், இல்லையென்றால் இரண்டிலும் இறங்க வேண்டும். ஏற்றும் முன் இண்டிகேட்டர் எண்ணைக் குறியுங்கள். ஏற்றி முடியும் வரை ஸ்குரூ ஓடக் கூடாது, கான்கிரீட் போட அவசரம் என்று யார் கேட்டாலும் விடாதீர்கள். முடிந்ததும் ஹோஸைக் கழற்றி, உள்ளே காற்று அடங்கப் பத்து நிமிடம் விட்டு, மறுபடி குறியுங்கள்.

வண்டிக் கணக்கில் 28,640 கிலோ இறங்கியிருக்கிறது, இண்டிகேட்டர் 28,220 கிலோதான் ஏறியிருக்கிறது என்றால், 28,640ஐ 28,220ஆல் வகுத்தால் 1.0149. ஆனால் உடனே ஸ்பானை (இண்டிகேட்டரின் பெருக்கு அளவை) திருத்திவிடாதீர்கள். இன்னும் இரண்டு பல்க்கர் பாருங்கள். மூன்றிலும் இதே விகிதம் வந்தால் அது கருவியின் அளவுத் தவறு, திருத்துங்கள். முதல் பல்க்கர் சரியாகவும், இரண்டாவது கொஞ்சம் குறைவாகவும், மூன்றாவது அதைவிடக் குறைவாகவும் வந்தால் திருத்தவே கூடாது. எங்கோ ஏதோ ஒன்று பாரத்தை வாங்குகிறது. நடைப்பலகையைத் தேடுங்கள்.

பூஜ்யம் வைப்பதிலும் பொறுமை வேண்டும். அடிக் கூம்பில் ஒட்டிய சிமெண்ட் இருக்கையில் காலி என்று நினைத்து பூஜ்யம் அழுத்தினால், அந்த ஒட்டல் விழும் நாளில் இண்டிகேட்டர் மைனஸ் காட்டும். சைலோ புதிதாக நின்ற அன்றே, ஒரு கிலோ ஏற்றும் முன், பூஜ்யத்தையும் நான்கு செல்லின் மில்லிவோல்ட்டையும் எழுதி வையுங்கள். அந்த வாய்ப்பு மறுபடி கிடைக்காது.

இங்கே ஒரு சுவையான விஷயம். புவியீர்ப்பு எல்லா ஊரிலும் ஒன்றல்ல. பாடநூல் மதிப்பு 9.80665. நில நடுக்கோட்டுக்கு அருகே, 8 பாகை அட்சரேகையில் இருக்கிற நமக்கு அது ஏறத்தாழ 9.781. அதாவது 0.26 சதவீதம் குறைவு. பாடநூல் மதிப்புக்குக் கணக்கிட்ட செல்லின் சான்றிதழ் எண்ணை அப்படியே இண்டிகேட்டரில் அடித்தால், 100 டன்னில் 250 கிலோவுக்கு மேல் குறைத்துக் காட்டும். பல்க்கர் வைத்து இங்கேயே சரிபார்த்துவிட்டால் இந்தத் தவறு தானாகவே கரைந்துவிடும். சான்றிதழ் எண்ணோடு நிறுத்திக்கொள்ளாமல் பல்க்கர் வேலையைச் செய்யச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

காற்றும் மழையும் உப்பும்

முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் நிற்பது சும்மா இல்லை. தென்மேற்குப் பருவக்காற்று ஆரல்வாய்மொழிக் கணவாயில் நெருக்கி நுழைகிறது. நம் உதாரணச் சைலோவின் உடல் 3 மீட்டர் விட்டம், 10 மீட்டர் உயரம், 6 மீட்டர் கால்கள் மேல் நிற்கிறது, கால்களுக்கிடையே 2.5 மீட்டர் என்று கொள்ளுங்கள். மணிக்கு 54 கி.மீ. காற்று அதைச் சுமார் 300 கிலோ விசையோடு தள்ளும். உயரத்தில் தள்ளுவதால், காற்று வரும் பக்கத்து இரண்டு கால்களிலிருந்து ஒன்றேகால் டன் குறைந்து, மறுபக்கக் கால்களில் அதே ஒன்றேகால் டன் கூடும். நான்கு காலிலும் செல் இருந்தால் கூட்டினால் ஒன்றும் மாறாது. செலவைக் குறைக்க இரண்டு காலில் மட்டும் செல் வைத்து, மற்ற இரண்டில் வெறும் இரும்புக் கட்டை வைத்து, எண்ணை இரட்டித்துக் காட்டும் ஏற்பாடு சில இடங்களில் உண்டு. காற்றுப் பக்கம் செல் இருந்தால் அதில் இரண்டரை டன் மாயமாகிவிடும், காற்று நின்றதும் திரும்பி வரும். தக்கலையிலோ மார்த்தாண்டத்திலோ மரங்களுக்கு நடுவே நிற்கிற சைலோவுக்கு அது சமாளிக்கலாம். தோவாளை, ஆரல்வாய்மொழிப் பக்கத்தில் வேண்டவே வேண்டாம்.

செல் மாற்ற வேண்டி வந்தால் சைலோவைக் காலியாக்கி, காற்றில்லாத காலை நேரம் பார்த்து, ஒரு காலை மட்டும் இரண்டு மூன்று மில்லிமீட்டர் ஜாக்கியால் தூக்குங்கள், இரும்புப் பட்டை அடை கொடுத்த பிறகே கையை உள்ளே விடுங்கள். ஆனி, ஆடியில் தூக்கல் தடுக்கும் போல்ட்டைக் கழற்றுவதை முடிந்தவரை தவிர்த்துவிடுங்கள்.

நமக்கு இரண்டு பருவமழையும் உண்டு. ஜங்ஷன் பாக்ஸுக்குள் ஈரம் போனால் காலையில் எண் நகரும், வெயில் ஏறியதும் சரியாகும். கேபிள் நுழைவாய்கள் கீழ்நோக்கி இருக்கட்டும், உள்ளே ஒரு சிலிக்கா ஜெல் பை போட்டு, ஐப்பசி தொடங்கும் முன் மாற்றுங்கள். குளச்சல், மணவாளக்குறிச்சி, முட்டம் போலக் கடலோரத்தில் வேலை என்றால் துருப்பிடிக்காத எஃகுச் செல் மட்டுமே வாங்குங்கள். சாதாரண எஃகில் உப்புக்காற்று எங்கே நுழைகிறது என்று தெரிவதற்குள் செல் போய்விடும்.

பழுது வந்தால்

முதலில் உச்சி வரை ஏறி இறங்குங்கள். பிறகு ஜங்ஷன் பாக்ஸில் செல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து மில்லிவோல்ட் பாருங்கள், பேனல் கதவில் எழுதிய எண்ணோடு ஒப்பிடுங்கள். மூன்று ஒரு மாதிரியும் ஒன்று தனியாகவும் இருந்தால் அதன் தடையை அளந்து பாருங்கள். 350 ஓம் வகைச் செல்லில் சிக்னல் வயர்களுக்கிடையே 350 ஓம் அருகே வர வேண்டும். உடலுக்கும் வயருக்கும் இடையே காப்புத் தடை பார்க்க 500 வோல்ட் மெக்கரை எடுத்துவிடாதீர்கள், நல்ல செல்லும் செத்துப்போகும். 50 வோல்ட்டுக்கு மேல் வேண்டாம். எண் திடீர் திடீரென்று குதித்தால் தளர்ந்த திருகு, மெதுவாக நகர்ந்தால் ஈரம், நிரம்ப நிரம்பக் குறைந்தால் உரசல். பெரும்பாலும் இந்த மூன்றுக்குள் அடங்கிவிடும்.

ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கிச் சைலோ பேனலுக்குள் வையுங்கள். ஒவ்வொரு பல்க்கருக்கும் எடைமேடைச் சீட்டின் எண், இண்டிகேட்டர் ஏறிய எண், இரண்டுக்கும் வித்தியாசம், அன்று காற்று எப்படி, மழை உண்டா என்று ஒரே வரி. முதல் 30 பல்க்கரை நீங்களே நின்று எழுதுங்கள், வேறு ஆளிடம் விடாதீர்கள்.